ஓட்டுநர் இல்லாத காரும் பொறுப்பு இல்லாத கம்பெனியும்



அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் ஓட்டுநர் இல்லாத காரில் போகும் வீடியோ அனுப்பி, "திற்பரப்புக்கு எப்ப சார் வரும்?" என்று கேட்கிறான். வரவே வேண்டாம் மக்களே.

2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் சோதனைக் கார் இடித்துக் கொன்றது. ஐந்து வினாடிக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. வண்டியா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டதே தவிர பிரேக் போடவில்லை. கண்ட இடத்தில் ஆள் குறுக்கே நடப்பார் என்பதை அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம்! குலசேகரத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், குறுக்கே நடக்காதவர் யார்?

தண்டனை கம்பெனிக்கு இல்லை. காருக்குள் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஊழியருக்கு. அவர் போன் பார்த்தது தப்புதான். ஆனால் அவரை மட்டும் கூண்டில் ஏற்றியது நியாயமா?

இங்கேயும் இதே கதைதான். 2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் காரில் ஒரு பெண் சீரழிக்கப்பட்டார். அந்த ஓட்டுநர்மீது பழைய வழக்குகள் இருந்தது பிறகுதான் வெளியே வந்தது. லாபத்தில் பங்கு கம்பெனிக்கு, பழி 'பார்ட்னருக்கு'.

கூட்ட நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்கு வரை வாங்கலாம் என்று 2025 ஜூலையில் மத்திய அரசே விதி போட்டிருக்கிறது. அதைப் பேசாமல் கொடுக்கிறோம். அருவிப் பக்கம் நிற்கும் ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூடக் கேட்டால் மட்டும் கொள்ளை என்கிறோம். ராத்திரி பிரசவ வலி என்றால் வாசலில் வந்து நிற்பவர் அவர்தான்.

ஓட்டுநர் வேலை போகும், அதனால் அனுமதிக்க மாட்டேன் என்று அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நூற்றுக்கு நூறு.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். தமிழில், பிழையில்லாமல்.