கேமராவில் விழுந்த முகம்

ஹுத்தான் மெலிந்தாங்கில் சிறு மளிகைக் கடை நடத்தும் சகோதரி ஒருவர் கேட்கிறார்: "ஒரு பையன் பால்மா டின்னைப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவியது இரகசியக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதை ஊர் வாட்ஸ்அப்பில் போட்டே தீரவேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார். போடலாமா?"

வேண்டாம், சகோதரி. கடனுக்குக் கொடுத்த சாமானுக்கே காசு வராமல் தவிக்கும் கடைக்காரரின் கோபம் எனக்குப் புரியாமலில்லை. ஆனாலும் வேண்டாம்.

நம் நாட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வியாபாரத்தில் திரட்டும் பிறர் விவரங்களுக்கு அது பொருந்தும். அடையாளம் தெரியும் முகமும் ஒரு விவரம்தான். கடைக் காவலுக்கென்று எடுத்த படத்தை ஊரெல்லாம் பரப்பினால், திருடு கொடுத்த நீங்களே பதில் சொல்லும்படி ஆகலாம். குற்றத்தைக் கண்டுபிடிக்கப் போலீசிடம் கொடுப்பதற்கோ அதே சட்டம் வழிவிடுகிறது.

பையன் என்கிறீர்களே, வயதென்ன? குற்றம் சுமத்தப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவரானால் பெயர், படம், பள்ளிக்கூடம் எதுவும் செய்தியில் வரக்கூடாது என்பது 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம். மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பத்திரிகைக்காரர்களே அஞ்சும் காரியத்தில் நாம் ஏன் கைவைக்க வேண்டும்?

சட்டம் கிடக்கட்டும். 2018-இல் இந்தியாவில் ஒரு வீடியோ பரவியது. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். உண்மையில் அது குழந்தைப் பாதுகாப்புக்காகக் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற பீதி அப்போது தமிழ்நாட்டையும் பிடித்திருந்தது. அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த 65 வயது அம்மாள் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரார் அடித்தே கொன்றுவிட்டார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் செய்யாத காரியமா அது?

ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. போன உயிர் போனதுதான்.

உங்கள் கடையில் எடுத்தவன் அந்தப் பையன்தான் என்றே இருக்கட்டும். அவன் தாயும் நாளைக்கு உங்கள் கடைக்குத்தானே அரிசி வாங்க வரவேண்டும்?

பதிவுக் கருவி பழைய படங்களைச் சில வாரங்களில் தானே அழித்துவிடும். ஆகவே இன்றே ஒரு பிரதி எடுத்து, தேதியும் நேரமும் குறித்து, வீட்டுக்காரரைப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். படம் அவர்கள் கையில் இருக்கட்டும்.