“எழுதறதெல்லாம் நமக்கு வராதுங்க!”

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். சாம்பாரில் ஆரம்பித்தவர், ரசம் வருவதற்குள் தன் முதல் வேலையைப் பற்றி ஒரு நாவலே சொல்லி முடித்துவிட்டார். பஸ் போகாத ஊர், ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், ஐந்தாவதோடு நிறுத்தப்பட இருந்த ஒரு சிறுமி, அவளுடைய அப்பாவிடம் களத்துமேட்டில் நின்று மூன்று நாள் மன்றாடியது...

“இதையெல்லாம் எழுதி வையுங்க சார்” என்றேன்.

இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தார். “ஐயையோ, எழுதறதெல்லாம் நமக்கு வராதுங்க!”

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லி, எழுதாதவனை பெஞ்சு மேல் ஏற்றியவர் சொல்கிற பதில் இது!

சிரிக்காதீர்கள். நீங்களும் இதையேதான் சொல்வீர்கள். ஏனென்றால் பள்ளிக்கூடம் நமக்கு எழுதக் கற்றுத்தரவில்லை. நோட்ஸில் இருப்பதை ஒப்பிக்கத்தான் கற்றுத்தந்தது. எங்கள் வீட்டில் மாடே கிடையாது. ஆனாலும் மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்ததாக வருஷா வருஷம் எழுதி, பத்துக்கு ஏழு வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு வருஷம், ‘அன்றைக்கு அப்பா தூங்கினார், நான் தெருவில் கோலி விளையாடினேன்’ என்று உள்ளதை எழுதினேன். மூன்று மார்க். அன்றோடு புத்தி வந்தது. எழுத்து என்பது அடுத்தவர் மார்க் போடுவதற்கு!

பெரியவர்கள் ஆன பிறகும் அதே புத்திதான். எழுதினால் பத்திரிகையில் வரவேண்டும், நாலு பேர் பாராட்ட வேண்டும். இல்லையென்றால் எதற்கு வெட்டிவேலை?

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எழுத்தாளர் இல்லை, வியாபாரி. பின்னாளில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி. 1736-ல் டைரி எழுத ஆரம்பித்தவர், 1761-ல் சாகும்வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, ஊர்ச்சண்டை, அரண்மனைச் சூழ்ச்சி எல்லாம் உண்டு. யார் பாராட்டினார்கள்? அவர் இறந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் அப்படி ஒரு டைரி இருப்பதே வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

‘சரி, எனக்கென்ன லாபம்?’ என்கிறீர்களா? நியாயமான கேள்வி.

சார்லஸ் டார்வின் 1838-ல், கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில் ஒரு தாளை எடுத்தார். ஒரு பக்கம் லாபம்: குழந்தைகள், முதுமையில் பேச்சுத்துணை. இன்னொரு பக்கம் நஷ்டம்: நேரம் போகும், புத்தகம் வாங்கக் காசு மிஞ்சாது. முடிவு தாளிலேயே வந்துவிட்டது. அடுத்த ஜனவரியில் எம்மாவைக் கைப்பிடித்தார். மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது தாளில் இறங்கினால் உட்கார்ந்துவிடுகிறது.

என் கதை இன்னும் அற்பமானது. எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் தகராறு. செயலாளருக்கு ராத்திரியோடு ராத்திரியாக மூன்று பக்கம் எழுதினேன். காலையில் படித்துப் பார்த்தால், தண்ணீரைப் பற்றி ஐந்தே வரி. மிச்சமெல்லாம் என்றைக்கோ ஒரு நாள் நான் வைத்த வணக்கத்தை அவர் கவனிக்காமல் போனதைப் பற்றி! வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுக் கீழே போய் நேரில் பேசினேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

உடம்புக்கும் நல்லது என்கிறார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிஷம், நாலு நாள் தொடர்ந்து, மனதை உறுத்தும் அனுபவங்களை எழுதச் சொன்னார். நடந்ததையும் அப்போது பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவாகவே டாக்டரிடம் போனார்கள். இது 1986-ல் வெளியான ஆய்வு. பின்னால் வந்த ஆய்வுகள், பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, பெரிதும் இல்லை என்கின்றன. ஆகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பேனாவையும் எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நேரம் இல்லையா? யாரோ எழுதிய தத்துவத்தை, ரோஜாப்பூ படத்தோடு காலையில் நாற்பது பேருக்கு ஃபார்வர்ட் செய்ய மட்டும் இருக்கிறதே!

இப்போது இன்னொரு வசதி. கேட்டால் போதும், இரங்கல் கடிதத்தைக்கூட மெஷினே எழுதித் தருகிறது. தரட்டும். பேங்க்குக்குக் கடிதம் என்றால் நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் செத்துப்போன என் அப்பாவைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்து எழுதும்வரை எனக்கே தெரியாதே! அந்த வேலையையும் வெளியே கொடுத்துவிட்டால், அப்புறம் நமக்கென்று என்ன மிச்சம்?

பந்திக்கு வருகிறேன். பாயசம் வந்தபோது தலைமையாசிரியரிடம் கேட்டேன். “சார், அந்தச் சிறுமி பேர் என்ன?”

யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். “முகம் அப்படியே இருக்குங்க. பேர்தான்... அட, நேத்துகூட ஞாபகம் இருந்த மாதிரி இருந்துது.”

அதற்குப் பிறகு அவர் பாயசத்தைத் தொடவில்லை.

இன்றைக்கு ராத்திரி பத்து வரி எழுதுங்கள். தப்பும் தவறுமாகவே எழுதுங்கள். மார்க் போட யாரும் வரமாட்டார்கள்.