பாலாற்றங்கரையில் ஓய்வின் பொருளியல்

உழைப்பு செல்வத்தை ஈட்டும். ஓய்வு அதனைச் செலவழிக்கும் என்பதே நெடுங்காலமாக மக்களிடையே நிலவிவந்த எண்ணம். இன்றோ ஒருவர் ஓய்வு கொள்ளும் நாளில் மற்றொருவருக்கு வேலை கிடைக்கிறது. ஓட்டுநர், விடுதிப் பணியாளர், சமையற்கலைஞர், வழிகாட்டி, சிறுகடை வணிகர் எனப் பலரது வருவாய் பிறரது விடுமுறையைச் சார்ந்துள்ளது. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்திற்கும் இம்மாற்றம் பொருந்தும்.

இவ்வட்டாரத்தில் காணத்தக்கவை பல. விஜயநகரப் பேரரசுக் காலத்தில் எழுந்த வேலூர்க் கோட்டையை அகழி சூழ்ந்துள்ளது. 1806 ஜூலை 10 அன்று இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். 14 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் ஏலகிரி மலையை அடையலாம். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. சீரகச் சம்பா அரிசியில் சமைக்கப்படும் ஆம்பூர்ப் பிரியாணிக்காகவே நெடுஞ்சாலைப் பயணத்தை இடைநிறுத்துவோரும் உண்டு.

எனினும், சுற்றுலா புகையில்லாத் தொழில். ஆதலால் அது தீங்கற்றது எனக் கருதுதல் தவறு. தோல் தொழில் பல்லாயிரவருக்கு வாழ்வளித்தது. அதன் கழிவுநீரோ பாலாற்றையும் நிலத்தடி நீரையும் விளைநிலங்களையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு நேருமுன் தடுத்தல் வேண்டும்; மாசுபடுத்தியவரே அதற்குரிய இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறிகளை அத்தீர்ப்பு நாட்டின் சட்டமாக ஏற்றது. சுற்றுலாவும் இந்நெறிகளுக்கு உட்பட வேண்டும். விடுதிக் கழிவும் நெகிழிக் குப்பையும் மலையின் நீர்நிலைகளைச் சேருமாயின், பாலாற்றுக்கு நேர்ந்ததே ஏலகிரிக்கும் நேரும். சுற்றுலாவுக்கு இயற்கையே முதல். முதலை அழித்தபின் வருவாய்க்கு இடமில்லை.

சுற்றுலா வளர்ந்தால் தோல் தொழில் தேவையில்லை என்பதும் பொருந்தாது. பயணிகளின் வருகை விடுமுறை நாள்களில் பெருகிப் பிற நாள்களில் குறையும். காலணித் தொழிற்சாலைகளோ ஆண்டு முழுவதும் ஊதியம் தருவன. ஆகவே, ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாக இயலாது.

ஆம்பூரில் உருவாகும் காலணிகள் ஐரோப்பிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அவற்றை அணிந்து அந்நாட்டினர் தம் விடுமுறையில் உலவி மகிழ்கின்றனர். அவற்றைத் தைப்போருள் பெரும்பாலோர் பெண்கள். வார விடுமுறையிலும் வீட்டு வேலை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. ஓய்வு அனைவருக்குமான உரிமை என 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைகள் பேரறிக்கை தன் 24ஆம் பிரிவில் கூறுகிறது. ஆனால், இங்கு ஓய்வு பிறருக்கு விற்கும் பொருளாக மட்டுமே நின்றுவிடும் நிலை உள்ளது. குறைந்த கட்டணப் பேருந்துகள், நிழல்தரும் பூங்காக்கள், தூய்மையான ஆற்றங்கரை ஆகியவை உள்ளூர் மக்களுக்கும் வேண்டும். கோட்டையைக் காண வரும் அயலூராரின் எண்ணிக்கையோடு, குடும்பத்துடன் ஏலகிரிக்குச் சென்றுவரும் ஆம்பூர்த் தொழிலாளரின் எண்ணிக்கையையும் சேர்த்தே இவ்வட்டாரத்தின் சுற்றுலா வளர்ச்சியை அளவிடுதல் வேண்டும்.