கடல் கடக்கும் கல்வி, கரையில் நிற்கும் தீவு

நிர்வாகவியல் கல்வி நிறுவனங்களின் விளம்பரங்களில் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்துக்கு அடுத்தபடியாக இப்போது பெரிதாக அச்சிடப்படுவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் செய்துகொண்ட மாணவர் பரிமாற்ற ஒப்பந்தங்களின் பட்டியல்தான். 1961-ல் தொடங்கப்பட்ட கல்கத்தா, அகமதாபாத் ஐ.ஐ.எம்.களும், பின்னர் வந்த பெங்களூரும் இதில் முன்னோடிகள். ஐரோப்பிய நிர்வாகவியல் கல்லூரிகள் முன்னின்று அமைத்த சி.இ.எம்.எஸ். கூட்டமைப்பில் கல்கத்தா ஐ.ஐ.எம். இடம்பிடித்தது. அகமதாபாத் நிறுவனம் பிரான்சின் எசெக் கல்லூரியுடன் இரட்டைப் பட்ட ஏற்பாடு செய்துகொண்டது. திருச்சி ஐ.ஐ.எம். உள்ளிட்ட இளைய நிறுவனங்களும் இதே பாதையில் நடக்கின்றன.

இது வரவேற்கத்தக்கதே. பன்னாட்டு வர்த்தகத்தைப் பாடநூலில் மட்டும் படித்தவருக்கும், ஒரு பருவமேனும் அயல்நாட்டு வகுப்பறையில் அமர்ந்தவருக்கும் வேறுபாடு உண்டு. கேள்வி வேறு. இந்த வாய்ப்பு யாருக்குப் போய்ச் சேருகிறது?

பரிமாற்ற ஏற்பாட்டின் அடிப்படை எளிமையானது. மாணவர் தம் தாய்க் கல்லூரிக்கே கட்டணம் செலுத்துகிறார். சென்று படிக்கும் கல்லூரி கல்விக் கட்டணம் கேட்பதில்லை. அங்கிருந்து வரும் மாணவருக்கும் இதே சலுகை. அங்கே பெற்ற மதிப்பெண்களைத் தாய்க் கல்லூரி ஏற்றுக்கொள்கிறது. காகிதத்தில் இது இலவசம் போலவே தெரியும். ஆனால் விமானக் கட்டணம், விசா, மருத்துவக் காப்பீடு, வாடகை, உணவு ஆகிய அனைத்தும் பொதுவாக மாணவரின் பொறுப்பு. ஐரோப்பிய விசாவுக்கு விண்ணப்பிப்பவர் தங்கும் காலச் செலவுக்குப் போதிய பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். கல்விக் கடனில் படிக்கும் மாணவர் இந்த இடத்திலேயே பின்வாங்கிவிடுகிறார். எனவே தகுதிப் பட்டியல் தயாராகும் முன்பே, வசதிப் பட்டியல் ஒன்று ஓசையின்றித் தயாராகிவிடுகிறது.

இந்தக் கணக்கை டெலானிபூரிலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி அது. அந்த நகருக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. (ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025-ல் தாக்கிய சுமத்ராவின் ஸ்ரீவிஜயப் பேரரசு தமிழ் வாசகரின் நினைவுக்கு வராமல் போகாது.) அந்தமான் நிகோபார் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம், அவர்களில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். டெலானிபூரில் வளரும் ஒரு மாணவி நிர்வாகவியல் முதுநிலைப் படிப்புக்காகச் சென்னைக்கு வந்தாலே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்தாக வேண்டும். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அவரைப் பொறுத்தவரை இதுவே ஒரு பரிமாற்றம்தான். அதற்கு ஒப்பந்தமும் இல்லை, கட்டண விலக்கும் இல்லை.

தீவின் முதன்மைக் கல்லூரியான ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967-ல் தொடங்கப்பட்டது. அது முதலில் இணைக்கப்பட்டிருந்தது எங்கோ வடக்கே, சண்டீகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்துடன்! பின்னர் புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் இணைப்புக்கு மாறியது. இணைப்புக் கல்லூரிகளில் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மூன்றும் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பவை. அயல்நாட்டுக் கல்லூரியில் ஒரு பருவம் படித்ததை ஏற்பதா என்று முடிவு செய்யும் அதிகாரம்கூடக் கல்லூரி முதல்வருக்குக் கிடையாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட விதிமுறைகள் வெளிநாட்டுக் கூட்டுப் பட்டங்களுக்கும் இரட்டைப் பட்டங்களுக்கும் கதவைத் திறந்தன. ஆனால் அக்கதவுக்கு வாயிற்காவலர் உண்டு. தர மதிப்பீட்டுக் குழுவிடம் குறைந்தது 3.01 புள்ளி பெற்றிருக்க வேண்டும். அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகவோ, சிறப்புத் தகுதி அளிக்கப்பட்ட நிறுவனமாகவோ இருக்க வேண்டும். தரம் காக்க இத்தகைய நிபந்தனை தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே முன்னேறிய நிறுவனங்களுக்கு மேலும் வசதி என்பதே இதன் விளைவு.

உதவித்தொகைகளின் நிலை என்ன? பட்டியலினத்தவர் உள்ளிட்டோருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 இடங்கள் கொண்டது. பழங்குடியினருக்கானது 20 இடங்கள் மட்டுமே. அதில் 3 இடங்கள் மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. இவை வெளிநாட்டிலேயே முழுமையாகப் படிக்கும் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகளுக்கானவை. இந்தியாவில் படித்துக்கொண்டே ஒரு பருவம் வெளியே சென்றுவர விரும்பும் நிகோபார் மாணவருக்கு இவற்றால் பயனில்லை. சிறுபான்மையினரின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் அளித்த 'படோ பர்தேஷ்' திட்டமோ 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஐரோப்பா 1987-ல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இங்கே ஒப்புநோக்கத் தக்கது. அங்கே பரிமாற்றம் செல்லும் மாணவருக்குக் கட்டண விலக்கோடு உதவித்தொகையும் உண்டு. அதைவிட முக்கியம், ஐரோப்பிய நிலப்பரப்பிலிருந்து வெகுதொலைவில் உள்ள கேனரித் தீவுகள், அசோர்ஸ், ரீயூனியன் போன்ற பகுதிகளின் மாணவருக்குக் கூடுதல் தொகை வழங்கப்படுகிறது. தொலைவும் ஒரு பின்தங்கிய நிலையே என்பதைப் பிரஸ்ஸல்ஸ் ஒப்புக்கொண்டிருக்கிறது. தில்லி ஒப்புக்கொள்ளத் தயங்குவது ஏன்?

இதில் விந்தை என்னவென்றால், அந்தமானுக்கு உண்மையான அண்டை வீடு ஐரோப்பாவும் அல்ல, சென்னையும் அல்ல. தாய்லாந்தின் புக்கெட் சுமார் 750 கிலோமீட்டர்தான். நிகோபாரின் தென்முனையான இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் ஆச்சே பகுதி சுமார் 150 கிலோமீட்டர். புக்கெட்டில் சோங்க்லா இளவரசர் பல்கலைக்கழகத்தின் வளாகம் உள்ளது. பண்டா ஆச்சேயில் ஷியா குவாலா பல்கலைக்கழகம். தமிழர் வாழும் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் 2010-ல் தமக்குள் மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றைத் தொடங்கின. ஆசியான் அளவில் பின்னர் விரிந்த அத்திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட ஐந்து துறைகளில் சுற்றுலா விருந்தோம்பலும் பன்னாட்டு வணிகமும் இருந்தன. சுற்றுலாவை நம்பி வாழும் அந்தமானுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

கிழக்கு நோக்கிய கொள்கை 1990-களில் பிறந்து, 2014-ல் 'கிழக்கில் செயல்படுவோம்' என்று பெயர் மாறியது. ஆசியான் மாணவர் 1,000 பேருக்கு ஐ.ஐ.டி.களில் ஆராய்ச்சி உதவித்தொகை என்று 2018-ல் அறிவிக்கப்பட்டது. அது அங்கிருந்து இங்கே வருவோருக்கான பாதை. இங்கிருந்து அங்கே செல்வோருக்கு? அதே ஆண்டு மே மாதம் இந்தியாவும் இந்தோனேசியாவும் அந்தமானையும் சுமத்ராவையும் இணைப்பது பற்றிப் பேசின. பேச்சின் மையம் கப்பலும் வணிகமும்தான். கோலாலம்பூரிலிருந்து போர்ட் பிளேருக்கு நேரடி விமான சேவை தொடங்குவதற்கே 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாதுகாப்புக் காரணம் சொல்லப்படும். முப்படைக் கூட்டுத் தலைமையகம் அமைந்த தீவில் அயல்நாட்டு மாணவரைத் தங்கவைக்க முடியுமா என்பார்கள். அயல்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருக்கும் கடற்கரைகளைப் பார்த்தபின் இந்த வாதம் வலுவிழந்துவிடுகிறது.

கிரேட் நிகோபாரில் 72 ஆயிரம் கோடி ரூபாய் மதிப்பீட்டில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அறிவிக்கப்பட்டன. காடு, ஷோம்பென் பழங்குடியினர் வாழ்வு ஆகியவை குறித்த எதிர்ப்புகள் நியாயமானவை. அவை தனியே விவாதிக்கப்பட வேண்டியவை. அத்திட்டத்தை ஆதரிப்பவர்களேனும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் போட்டியாக எழப்போவதாகக் கூறப்படும் துறைமுகத்தை நிர்வகிக்கப் போவது யார்? அத்துறைமுகங்களை நேரில் கண்டு பயின்ற தீவு இளைஞர் ஒருவரும் இல்லையெனில், நிர்வாகிகள் பெருநிலத்திலிருந்து விமானத்தில் வந்திறங்குவார்கள். உள்ளூர்க்காரருக்குக் காவலாளி வேலை மிஞ்சும்.

தேவைப்படும் தொகை பெரிதல்ல. தீவு மாணவர் சில பத்துப் பேருக்கு ஆண்டுதோறும் ஒரு பருவப் பயணச் செலவும் தங்கும் செலவும், அவர்கள் பெறும் மதிப்பெண்ணை ஏற்கும் ஓர் உத்தரவும் போதும். ஐ.ஐ.எம்.களின் பரிமாற்ற இடங்களில் சிலவற்றைப் பிற கல்லூரி மாணவருக்கும் பகிர்ந்தளிக்க முடியுமா என்பதையும் கல்வி அமைச்சகம் ஆராயலாம். ஆனால் இதை யார் கேட்பது? அந்தமானுக்குச் சட்டப்பேரவை இல்லை. மக்களவையில் உள்ள 543 இடங்களில் அத்தீவுகளுக்கு ஒன்றே ஒன்று.