வானில் அரை மணி, வழியில் நான்கு மணி

சேலத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்; 2023-இல் தொடங்கிய வந்தே பாரத் இரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். எனவே, விமானத்தில் சென்றால் மூன்று மணி நேரம் மிச்சம் என்று பலர் கணக்கிடுகிறார்கள். கழித்தலில் பிழையில்லை, எடுத்துக்கொண்ட எண்களே போதா என்பது என் கருத்து.

முதலில் தொலைவைப் பார்ப்போம். சேலம் விமான நிலையம் நகருக்கு வெளியே காமலாபுரத்தில் உள்ளது. அங்கிருந்து சென்னை மீனம்பாக்கம் நேர்கோட்டில் ஏறத்தாழ 265 கி.மீ. இத்தகைய குறுகிய தடங்களில் பறக்கும் ஏ.டி.ஆர்.-72 விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் செல்லும். வகுத்துப் பாருங்கள், 32 நிமிடம்தான் வருகிறது! பின் அட்டவணையில் ஒரு மணி நேரம் ஏன்? விமானம் ஓடுபாதைக்கு மெல்ல ஊர்ந்து செல்ல வேண்டும். காற்றை எதிர்த்துக் கிளம்பி, பிறகு திசை திரும்ப வேண்டும். மேலேறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இராது. தரையிறங்கத் தன் முறைக்குக் காத்திருக்கவும் நேரலாம்.

இனி, வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுவோம். காமலாபுரம் செல்ல 40 நிமிடம், சோதனைகளுக்காக முன்கூட்டியே சென்று காத்திருக்க 75, பயணம் 60, பெட்டியைப் பெற 25, சென்னை நகருக்குள் செல்ல 50 என்று கொள்வோம். கூட்டுத்தொகை 250 நிமிடம். அதாவது நம் சராசரி வேகம் மணிக்கு 64 கி.மீ.தான்! இரயிலுக்கும் இதேபோல் நிலையம் செல்ல, காத்திருக்க, இறங்கி வீடு சேர என ஒரு மணி நேரம் கூட்டினால் சுமார் 300 நிமிடம். மூன்று மணி நேர மிச்சம் 50 நிமிடமாகச் சுருங்கிவிட்டது.

விமானத்தின் வேகத்தை இரு மடங்காக்கினால் என்ன? 32 நிமிடம் 16 ஆகும். மிச்சம் 16 நிமிடமே. ஆனால் இரு முனைகளிலும் சாலையில் கழியும் 90 நிமிடத்தில் கால் பங்கைக் குறைத்தாலே 22 நிமிடத்துக்கு மேல் மிச்சம். விமான நேரத்துக்குப் பொருந்த ஓடும் ஒரு நல்ல பேருந்து இதைச் செய்துவிடும்.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் இறங்கி வேறு விமானம் ஏறித் தில்லி செல்பவருக்கு அது மிகவும் உதவும். ஆனால், சிறு நகரங்களை வான்வழியே இணைக்க 2016-இல் வகுக்கப்பட்ட 'உடான்' திட்டத்தில் பொதுப்பணம் செலவிடப்படுகிறது. அத்திட்டத்தின்கீழ் 2018-இல் சேலம்–சென்னை விமானமும் தொடங்கியது. பொதுப்பணத்தைச் செலவிடும்போது முழுக் கணக்கையும் கேட்பது குடிமக்களின் கடமை அல்லவா?

மாணவ நண்பர்களே! உங்கள் ஊரிலிருந்து ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். வாசல் முதல் வாசல் வரை ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் எழுதுங்கள். எந்தக் கட்டம் அதிக நேரத்தை விழுங்குகிறது? அதைக் கண்டுபிடித்த பிறகே வேகத்தைப் பற்றிப் பேசுவோம்.