ஓயாமல் சுழலும் சக்கரம் சாத்தியமா?

எரிபொருள் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒருமுறை தள்ளிவிட்டால் போதும். தன் எடையாலேயே ஓயாமல் சுழலும். இத்தகைய சக்கரம் மனிதனின் நெடுநாள் கனவாகும். 12ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணித அறிஞர் பாஸ்கரர், ஆரக்கால்களில் பாதியளவு பாதரசம் நிரப்பிய சக்கரத்தைப் பற்றி எழுதினார். 13ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் வில்லார் த ஒன்கூர், ஏழு சுத்தியல்கள் தொங்கும் சக்கரத்தை வரைந்து வைத்தார். அதன் பிறகும் பலர் முயன்றனர். எனினும், ஓயாமல் சுழன்ற சக்கரம் ஒன்றுகூட இல்லை. அதனால், தோல்வியடைந்த இக்கருவியைப் பற்றி மாணவர்கள் கற்பது வீண் என்று சிலர் கருதலாம். இக்கருத்து ஏற்புடையதன்று.

இக்கனவுக்குப் பின்னால் நியாயமான சிந்தனை ஒன்று உள்ளது. சீசோவில் நடுவிலிருந்து தள்ளி அமரும் சிறுவன், தன்னைவிட எடை கூடியவரையும் தூக்கிவிடுவான். தொலைவு கூடினால் எடையின் திருப்பும் வலிமையும் கூடும். எனவே, சக்கரம் இறங்கும் பக்கத்தில் குண்டுகள் அச்சைவிட்டு விலகியும், ஏறும் பக்கத்தில் அச்சை நெருங்கியும் இருந்தால், இறங்கும் பக்கமே எப்போதும் வெல்லும் என்று பலர் நம்பினர்.

அவர்கள் தொலைவைப் பார்த்தனர். எண்ணிக்கையைப் பார்க்கத் தவறினர். எடுத்துக்காட்டாக, ஒரே எடையுள்ள எட்டுக் குண்டுகளைக் கொண்ட சக்கரத்தைக் கருதலாம். இறங்கும் பக்கத்தில் மூன்று குண்டுகள், அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி உள்ளன. ஏறும் பக்கத்தில் ஐந்து குண்டுகள், 12 சென்டிமீட்டர் தள்ளி உள்ளன. மூன்றை 20ஆல் பெருக்கினால் 60. ஐந்தை 12ஆல் பெருக்கினாலும் 60. குண்டுகள் விலகிய பக்கத்தில் எண்ணிக்கை குறைகிறது. நெருங்கிய பக்கத்தில் எண்ணிக்கை கூடுகிறது. ஆகவே, சக்கரம் சிறிது ஆடி, இரு பக்கமும் சமமாகும் நிலையில் நின்றுவிடுகிறது.

குண்டுகளின் அமைப்பை எப்படி மாற்றினாலும் முடிவு மாறாது. சக்கரம் ஒரு முழுச் சுற்றை முடித்ததும், ஒவ்வொரு குண்டும் புறப்பட்ட உயரத்திற்கே திரும்பி வருகிறது. இறங்கும்போது புவியீர்ப்பு விசை தந்த ஆற்றல் முழுவதும் ஏறும்போது செலவாகிவிடுகிறது. மிச்சம் எதுவும் இல்லை. முதலில் தள்ளிவிட்டபோது கிடைத்த ஆற்றலையும் உராய்வு சிறிது சிறிதாகக் குறைத்துவிடுகிறது.

அப்படியானால், நீர்ச்சக்கரம் மட்டும் எப்படிச் சுழல்கிறது? கீழே விழுந்த நீர் தானாக மேலே ஏறுவதில்லை. சூரிய வெப்பம் அதனை ஆவியாக்கி உயர்த்துகிறது. பின்னர் அது மழையாகப் பொழிகிறது. அங்கே செலவை ஈடுசெய்வது சூரியன். குண்டுச் சக்கரத்திற்கு அப்படி ஈடுசெய்ய எதுவும் இல்லை.

1775ஆம் ஆண்டில், பாரிசு அறிவியல் கழகம் இத்தகைய பொறிகளை இனி ஆராய்வதில்லை என்று முடிவெடுத்தது. இம்முயற்சியில் பணத்தைக் கொட்டிக் குடும்பங்கள் சீரழிந்ததையும் அது சுட்டிக்காட்டியது. ஆனால், அந்தக் கனவு இன்னும் மறையவில்லை. ஓயாமல் சுழலும் சக்கரங்களைக் காட்டும் காணொளிகள் இணையத்தில் இன்றும் பரவுகின்றன. மறைத்து வைத்த மின்கலமோ மோட்டாரோ பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எனவே, ‘இது நடக்காது’ என்று மாணவர்களிடம் சொல்வது மட்டும் போதாது. அட்டையும் நாணயங்களும் கொண்டு அவர்களே இச்சக்கரத்தைச் செய்து பார்க்க வேண்டும். அது நிற்கும் இடத்தில் இரு பக்கக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தனக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் எண்ணுபவர் எளிதில் ஏமாறுவார். இரு பக்கத்தையும் எண்ணிப் பழகிய மாணவரை ஏமாற்றுவது கடினம்.