கொத்துக்குள் மாத்திரை, மண்ணுக்குள் வைரஸ், ஊசிக்குள் மலடு: மூன்று கேள்வி கேட்காமல் எதையும் நம்பாதீர்கள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கமுள்ள நம் சொந்தங்களுக்கும், இதை வாசிக்கும் தமிழ் அண்ணாமார் அக்காமாருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் கேட்கும் சில கேள்விகள் இவை.

"சேர், இன்சுலினை ஏன் குடிக்க ஏலாது?"
"செத்தவரின் உடம்பிலிருந்து வைரஸ் தண்ணிக்குள் போகுமா?"
"ஒரு மாத்திரை போட்டால் பிறகு பிள்ளையே கிடைக்காதா?"

இவற்றைக் கேட்கும் பிள்ளையை "அதிகப்பிரசங்கி" என்று உட்கார வைப்பதுதான் நம் வழக்கம். வீட்டிலும் அதுதான், பள்ளிக்கூடத்திலும் அதுதான், மத்ரஸாவிலும் அதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடைசி இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடையைப் பெரியவர்கள் கேட்டு நடந்திருந்தால் இந்த நாட்டில் சில கடைகள் உடைந்திருக்காது, ஒரு டொக்டர் சிறைக்குப் போயிருக்க மாட்டார், நம் ஜனாஸாக்கள் எரிந்திருக்காது.

உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். தரம் 9 பிள்ளைக்கே போதுமான கேள்விகள்தான்.

ஒன்று: அது உடம்புக்குள் எந்த வழியால் போகிறது?
இரண்டு: போய், எந்த உறுப்பில் என்ன செய்கிறது?
மூன்று: அதை யார் சோதித்துப் பார்த்தார்கள்?

முதலில் கொத்தை எடுப்போம்.

2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. சாப்பாட்டுக்குள் ஒரு மாக்கட்டி கிடந்தது. "வந்த பெத்தி", அதாவது மலட்டு மாத்திரை போட்டுவிட்டான் என்று கூச்சல். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரரைச் சுற்றி நின்று மிரட்டி, "ஓம்" சொல்ல வைத்து வீடியோ எடுத்தார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரம் திகன, தெல்தெனியப் பக்கம் எரிந்தது. அதன் உடனடிக் காரணம் வேறொரு சம்பவம் என்றாலும், அந்த வீடியோ ஊரூராகப் போய் நெஞ்சங்களை ஏற்கெனவே கொதிக்க வைத்திருந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது.

மூன்று கேள்வியையும் வைத்துப் பாருங்கள். வாயால் போகும் எந்த மருந்தும் குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலைத் தாண்டி, இரத்தத்தில் கலந்து, கொஞ்ச நேரத்தில் அல்லது கொஞ்ச நாளில் வெளியேறிவிடும். கருத்தடை மாத்திரையைப் பெண்கள் ஏன் தவறாமல் ஒவ்வொரு நாளும் எடுக்கிறார்கள்? ஒன்று போட்டால் ஆயுளுக்கும் போதுமென்றால் கிளினிக்கில் மாதாமாதம் அட்டை அட்டையாக ஏன் கொடுக்கிறார்கள்? ஆணின் உடம்பில் விந்தணு இடைவிடாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு சுற்று முடிய இரண்டரை மாதமளவில் எடுக்கும். ஒரு நாள் சாப்பிட்ட கொத்து அதை நிரந்தரமாக நிறுத்தாது. அப்படி ஒரு மாத்திரை உலகத்தில் எந்தப் பாமசியிலும் இல்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரும் சோதித்துச் சொன்னார்: அது மாக்கட்டி. ஆனால் அறிக்கை வரும்போது கடை ஏற்கெனவே உடைந்திருந்தது.

அடுத்தது குருநாகல்.

2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பின் துக்கமும் கோபமும் ஆறாத நேரம். ஒரு முஸ்லிம் டொக்டர் 4000 சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு சிங்கள நாளிதழ் முன்பக்கத்தில் போட்டது. அடுத்த நாளே டொக்டர் ஷாபி ஷிஹாப்தீன் கைது. இரண்டு மாதம் உள்ளே.

இங்கேயும் அதே கேள்விகள்தான். சிசேரியன் என்பது மூடிய அறையில் ஒருவர் தனியாகச் செய்யும் வேலையா? மயக்கமருந்து கொடுப்பவர், உதவி டொக்டர், தாதிமார் எல்லாரும் அதே மேசையைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். பலோப்பியன் குழாய் கருப்பையின் இரு பக்கமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும் உறுப்பு. அத்தனை பேர் பார்த்திருக்க, ஒருவருக்கும் தெரியாமல், நான்கு நூறு அல்ல, நான்காயிரம் தடவை? முதல் பிள்ளைக்குப் பிறகு அடுத்தது தாமதிப்பதற்குக் காரணம் எத்தனையோ. வயது, தைரொயிட், பழைய கிருமித்தொற்று, கணவரின் விந்தணு எண்ணிக்கை. இது எதையும் யாரும் கேட்கவில்லை. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்துவிட்டு, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது.

2022இல் அவருக்கு நிலுவைச் சம்பளமாக 26 இலட்சத்துக்கும் மேல் கிடைத்தது. நாடு மருந்தில்லாமல் தவித்த காலம் அது. அந்தப் பணத்தை அத்தியாவசிய மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். இதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, நம் நெஞ்சில் ஆறாத காயம்.

2020 மார்ச் 24ஆம் திகதியே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது: கொவிட்டில் மரணித்தவரை அடக்கலாம், எரிக்கவும் செய்யலாம். அந்த மாதம் முடிவதற்குள் நீர்கொழும்பில் ஒரு ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. சொன்ன காரணம், அடக்கினால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும் என்பது.

வழி என்ன? கொவிட் மூச்சால், இருமலால் பரவும் நோய். மையித்து மூச்சு விடாது. உள்ளே என்ன செய்யும்? வைரஸ் என்பது தானாகப் பெருகும் பூச்சி அல்ல. உயிருள்ள கலத்துக்குள் புகுந்தால்தான் அதற்குப் பெருக்கம். உடம்பு இறந்து கலங்களும் இறந்தபின் அங்கே வைரஸுக்குத் தொழிற்சாலை இல்லை. வைரஸ் ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்ற நம் நாட்டவர் பேராசிரியர் மலிக் பீரிஸ் இதைத்தான் சொன்னார். இதைவிட எளிய கேள்வி ஒன்று உண்டு. உயிரோடிருந்த ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மலசலம் எங்கே போனது? குழிக்கும் கானுக்கும்தானே? அதை யாரும் தடைசெய்யவில்லையே! ஆறடி மண்ணுக்குள் கபனில் சுற்றிய உடம்பு மட்டும் எப்படி ஆபத்தானது?

விடை தெரியாமல் நடந்ததல்ல இது. 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையை பொரளை கனத்தையில் எரித்தார்கள். அந்த வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் முஸ்லிம்கள் மட்டுமா இருந்தார்கள்? சிங்களவர், தமிழர், கிறிஸ்தவச் சகோதரர்கள் எல்லாரும் வந்து கட்டினார்கள். அதை நாம் மறக்க மாட்டோம். 2021 ஜனவரி தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்யலாம் என்று சொன்னது. அப்போதும் விடவில்லை. பாகிஸ்தான் பிரதமர் வந்துபோன அதே வாரம், பெப்ரவரி 25இல்தான் வர்த்தமானி மாறியது. ஒரு வாரத்துக்குள் விஞ்ஞானம் மாறிவிட்டதா?

மார்ச் 5 முதல் நாட்டின் மறுகரையிலுள்ள ஓட்டமாவடி மஜ்மா நகருக்குக் கொண்டுபோய் அடக்கினோம். 3600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அப்போது அவர்களே ஆய்வுகளைக் காட்டிச் சொன்னது என்ன? நீர்நிலைகளுக்கு வைரஸ் வருவது மனிதரின் மலசலத்தால். முறையாக அடக்கிய உடலால் அல்ல. நாம் மேலே கேட்ட எளிய கேள்வியின் விடை நாலு வருடம் கழித்து வந்தது.

இதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. கேகாலையில் தம்மிக்க பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சரே எல்லாருக்கும் முன்னால் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கும் கொவிட் தொற்றியது. மையித்தைப் புதைக்க ஆதாரம் கேட்ட அதே நாடு, போத்தலில் வந்த பாணிக்கு ஆதாரம் கேட்கவில்லை.

இதுவரை வாசித்தவர்கள் "மாஷா அல்லாஹ், நல்லாச் சொன்னீர்கள்" என்று பகிரத் தயாராக இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பதிவு இன்னும் முடியவில்லை.

நம்முடைய வட்ஸ்அப் குழுமங்களைத் திறந்து பாருங்கள். "தடுப்பூசி போட்டால் நம் பெண்பிள்ளைகளுக்குப் பிள்ளை கிடைக்காது, இது முஸ்லிம்களைக் குறைக்கும் சதி." "இன்சுலினை நிறுத்துங்கள், கருஞ்சீரகம் போதும்." "நோன்பு காலத்தில் சீனி மருந்தை விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது." கீழே நாற்பது பேர் ஆமீன்.

சகோதரர்களே, "ஊசிக்குள் மலடு" என்பதற்கும் "கொத்துக்குள் மலடு" என்பதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்று நம்மேல் எறியப்பட்ட பொய். மற்றது நாமே நம் பிள்ளைகளுக்கு ஊட்டும் பொய். நம்மேல் எறிந்தபோது "ஆதாரம் எங்கே?" என்று கதறிய சமூகம், நம் போனுக்கு வந்தால் மட்டும் ஏன் கேட்பதில்லை?

இது நம் ஊருக்கு மட்டுமான நோயல்ல. நைஜீரியாவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கானோ மாநிலம். 2003இல் போலியோ சொட்டுமருந்தில் மலட்டு மருந்து இருக்கிறது என்ற வதந்தியால் அதை நிறுத்திவைத்தார்கள். ஒரு வருடத்துக்குக் கிட்ட நிறுத்தியிருந்து, முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தென்றால் சரி என்று 2004இல் திரும்பத் தொடங்கினார்கள். அதற்குள் வைரஸ் எல்லை தாண்டிவிட்டது. பல நாடுகளில் பிள்ளைகளின் கால்கள் சூம்பின. 2005இல் அதே வழியாக வந்த போலியோ இந்தோனேசியாவிலேயே பிள்ளைகளைப் பிடித்தது. வதந்தியைக் கிளப்பியவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்க முடியாமல் போனது நம் உம்மத்தின் பிள்ளைகளுக்குத்தான்.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். அன்றிலிருந்து கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பிறந்த ஒரு பிள்ளையும் அதைக் காணவில்லை. அது தானாக வந்த பாக்கியம் அல்ல. வீடு வீடாக வந்த மருத்துவிச்சிமாரின் உழைப்பு. சின்னமுத்தும் அப்படித்தான். 2019இல் நாடு அதிலிருந்து விடுபட்டதென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் திரும்ப வந்தது. கொழும்பு மாவட்டத்தையும் விடவில்லை. 2024 ஜனவரியில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போடவேண்டி வந்தது. தடுப்பூசி போடாத பத்துப் பேர் நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேரைப் பிடிக்கும் நோய் அது. ஒரு அறையில் ஆறேழு பேர் படுக்கும் நம் தோட்டங்களில் அது எப்படிப் பரவும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு முன்பு கண்ட கிருமிகளைப் பற்றி வைத்திருக்கும் ஞாபகத்தையே சின்னமுத்து அழித்துவிடும். நோய் மாறினாலும், பிள்ளை பழைய கிருமிகளுக்கெல்லாம் புதிதாகத் தோற்கத் தொடங்கும்.

இப்போது அந்த முதல் கேள்வி: இன்சுலினை ஏன் குடிக்க ஏலாது? இன்சுலின் ஒரு புரதம். வாயால் எடுத்தால் இறைச்சியைச் செரிப்பதுபோல வயிறும் குடலும் அதையும் செரித்துவிடும். அதனால்தான் ஊசி. "அது பன்றியிலிருந்து எடுப்பது" என்று ஒரு பேச்சு. ஆரம்பத்தில் பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுத்தது உண்மை. 1982இலிருந்து நுண்ணுயிர்களை வைத்து மனித இன்சுலினையே தயாரிக்கிறார்கள். கருஞ்சீரகத்தை நாம் குறைசொல்லவில்லை. நம் வீடுகளிலும் இருக்கிறது. ஆனால் கணையம் இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிட்ட பிள்ளைக்கு அது இன்சுலின் ஆகாது. அந்தப் பிள்ளையின் ஊசியை நிறுத்தச் சொல்வது மருத்துவ ஆலோசனை அல்ல, கொலை. நோன்பு காலத்தில் விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது என்று டொக்டர்மாரும் உலமாக்களும் சேர்ந்தே வழிகாட்டி எழுதியிருக்கிறார்கள். ரமழானுக்கு முன் டொக்டரிடம் போய் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிலர் கேட்பார்கள்: "எரித்தவனையும் பார்வர்ட் பண்ணுபவனையும் ஒரே தராசில் வைக்கிறீர்களா?" இல்லை. அவர்கள் கையில் அரசாங்கம் இருந்தது, சட்டம் இருந்தது, நெருப்பு இருந்தது. அந்தக் கணக்கு வேறு. அதற்கு நீதி கேட்பதை நாம் விடமாட்டோம். ஆனால் நீதி கேட்பவனின் நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.

இன்னும் சிலர், "இதெல்லாம் மேற்கத்திய மூளை" என்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நஃபீஸைத் தெரியுமா? இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, இரத்தம் அதனூடாகத்தான் போகிறது என்று ஆயிரம் வருடத்துக்கு மேலாக எல்லாரும் கலென் சொன்னதை ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான், அங்கே துளையே இல்லை, அப்படியானால் இரத்தம் எந்த வழியால் போகிறது என்று கேட்டார். நுரையீரல் வழியாக என்று எழுதிவைத்தார். எந்த வழியால் என்ற நமது முதல் கேள்வி அவருடைய கேள்விதான். கொண்டுவரப்படும் செய்தியை விசாரிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கேள்வி கேட்பது நம் சொத்து.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

பெற்றோரே, பிள்ளை உடம்பைப் பற்றிக் கேட்டால் அடக்காதீர்கள். விடை தெரியாவிட்டால் "டொக்டரிடம் கேட்போம்" என்று கூட்டிப் போங்கள்.

ஆசிரியர்களே, இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் வாசியுங்கள்" என்று தாளைத் திருப்பும் வழக்கத்தை விடுவோம். அந்தப் பாடத்தைப் படிக்காத தலைமுறைதான் மலட்டு மாத்திரையை நம்பும். எந்த இனத்தவராக இருந்தாலும் சரி.

பள்ளிவாசல் நிர்வாகங்களே, வருடத்துக்கு இரண்டு தடவையாவது பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியைக் கூப்பிட்டு, பெண்களுக்கும் இடம் ஒதுக்கி, கேள்விகளைத் துண்டில் எழுதி வாங்கிப் பதில் சொல்ல வையுங்கள். பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். எத்தனை கேள்வி வருகிறதென்று பாருங்கள்.

அதுவரை ஒன்று. மருந்தைப் பற்றி, ஊசியைப் பற்றி, உடம்பைப் பற்றி ஏதாவது போனுக்கு வந்தால், விரலை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். எந்த வழியால்? எந்த உறுப்பில்? யார் சோதித்தார்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

மஜ்மா நகரில் உறங்கும் நம்மவர்களுக்கு அல்லாஹ் உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. அவர்களை நாடிவந்த பொய்யை நாம் வேறு பெயரில் வளர்க்காமல் இருப்போமாக.



மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ஆனால் எந்த வழியால் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.